ஆறு டிகிரி

என் அப்பா சுகுமாறன் பயந்த சுபாவம். மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அங்கிருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் வேலைக்குப் போனார். முதல் மாதமே அவர் பக்கத்தில் ஒரு குழாய் வெடித்தது. அதன் பிறகு நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்காமல் எந்த வால்வையும் தொட்டதில்லை. வீட்டில் அம்மா அடுப்பை அணைத்த பிறகும் மூன்று தடவை போய்ப் பார்ப்பார்.

கடற்கரை நிலக்கரி மின்நிலையத்துக்கு வேலை மாறியபோது ஸ்குரூடிரைவரும் கூடவே வந்தது. 'பயந்தாங்கொள்ளி சுகு' என்றார்கள். பிற்பாடு நானும் அங்கே பொறியாளராகச் சேர்ந்தேன். வாக்கிடாக்கியில் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொதிகலனுக்குப் போகும் தண்ணீர் 276 டிகிரியில் இருக்க வேண்டும். 270 காட்டியது. அதை நீராவியால் சூடாக்கும் ஹீட்டர் அருகே அப்பா நின்றிருந்தார்.

"மேடம், உள்ள ஆவி சத்தம் இல்ல. தண்ணி சத்தம். ஹீட்டர நிப்பாட்டுங்க."

கட்டுப்பாட்டு அறையில் என் திரையில் ஹீட்டரின் நீர்மட்டம் சரியாகவே இருந்தது. நிறுத்தினால் தண்ணீர் இன்னும் முப்பது டிகிரிக்கு மேல் இறங்கும். அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரியும். குளிர்ந்த தண்ணீர் புகையின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். புகை முந்நூறு டிகிரிக்குக் கீழே போனால், அதைச் சுத்தம் செய்யும் அம்மோனியாவை நிறுத்த வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு அப்படியே வெளியேறும். அது வரம்பைத் தாண்டாமல் பார்ப்பது என் பொறுப்பு.

"சுகு அண்ணன் காலையிலயே ஆரம்பிச்சிட்டாருலா," என்றார் சூப்பர்வைசர் கணேசமூர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"கிட்ட போய் லெவல் கண்ணாடிய பாருங்க," என்றேன். ஹீட்டரின் மேலேயே நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடி அது.



"பயமா இருக்கு, புனிதா." வாக்கிடாக்கியில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, பாத்துட்டு சொல்றேன்."

கண்ணாடி அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. ஹீட்டருக்குள் ஒரு குழாய் ஓட்டையாகி, அழுத்தத்தோடு தண்ணீர் நிரம்பியிருக்கிறது. நீர்மட்டக் கருவி சிக்கிப்போய்ப் பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் ஹீட்டரை நிறுத்தினேன். தண்ணீர் 236க்கு இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு நான்கு மணி நேரம் வரம்பைத் தாண்டியது. அதற்கு ஒரு பக்க விளக்கக் கடிதம் போதுமானதாக இருந்தது.

விபத்து பற்றிய முதல் அறிக்கை கருவியைக் குற்றம் சொன்னது. அவரை அனுப்பியது யார் என்று அதில் இல்லை. அம்மா செல்லம்மா மட்டும் தினமும் கேட்கிறாள்.

"அவ்ளோ பயப்படுற மனுசன் எதுக்கும்மா கிட்ட போனாரு?"

நாளை கருமாதி. இன்று சமையல் முடித்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நான் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தேன். அணைந்திருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

திரும்பி வந்து சொன்னேன்: "நான்தாம்மா போகச் சொன்னேன்."