நாலாவது வரி

காலை ஐந்து நாற்பதுக்கு உடைமாற்றும் அறையில், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து காலணி முடிச்சை அவிழ்க்கிற சாக்கில், விலாஸ்தா மற்றவர்களின் காலணிகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்து முடித்துவிடுகிறாள். சுவரோரம் ஐந்து ஜோடிகள். நான்கு பழையவை, எது எப்போது வாங்கியது என்பது அவளுக்குத் தெரியும். ஐந்தாவது புதிது, அசல் தோல். ஆயிரத்து எண்ணூறு கொருனாவுக்குக் குறைந்து எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள்.

"புதுசா, மிலுஷே?"

"தள்ளுபடில கெடைச்சுதுடி."

"ஓகோ, தள்ளுபடி" என்று தலைமுடியை வெள்ளைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் விலாஸ்தா. நம்பவில்லை என்பதை மறைக்க அவள் பெரிதாக முயற்சி செய்வதில்லை.

வயது ஐம்பத்துமூன்று. செக் நாட்டில், ஓர்லிட்ஸே ஆற்றங்கரையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பைனாகுலர் பூட்டுகிறாள். கடையில் வாங்கிய வெண்ணெய்ப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் தராசில் வைக்கிறவள். இரண்டு கிராம் குறைந்த ஒரு பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறாள். இலையுதிர்காலத்தில் காளான் பொறுக்கப் போனால், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்து, வேண்டுமென்றே எதிர்த் திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்து, பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்புவாள். "என்னையும் எடை போட்டுப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று அவள் கணவர் மதுக்கடையில் சொல்வதுண்டு.

வேலை அவள் சுபாவத்துக்குப் பொருந்திய வேலை. ஒட்டுமெத்தையில் இரண்டு முறை மிதித்து, காலடித் தூசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். முகப்பூச்சு கூடாது, வாசனைத் தைலம் கூடாது. ரப்பர்க் குமிழை அழுத்திக் கண்ணாடியின் மேல் காற்றை ஊதி, எரிசாராயத்தில் நனைத்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சுற்றாகத் துடைத்து, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. முப்பட்டகக் கண்ணாடிகளை ஒட்டி, இரண்டு குழல்களிலும் தெரியும் சிலுவைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் வரை திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கண்ணால் பார்த்ததையும் நம்பாமல் இன்னொரு தரம் பார்ப்பவளுக்கு இதைவிட வாகான தொழில் ஏது?

சம்பளச் சீட்டில் நாலு வரிகள். முதல் வரி அடிப்படைச் சம்பளம். ஆறாம் ஊதியப் படியில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டாவது தர ஊக்கத்தொகை; பரிசோதனையிலிருந்து எத்தனை பைனாகுலர் திரும்பி வருகிறதோ அத்தனைக்கு அது இளைக்கும். மூன்றாவது மாலை ஷிப்ட் படி. இந்த மூன்றையும் விலாஸ்தா கண்ணை மூடிக்கொண்டே கணக்குப் போட்டுவிடுவாள். நாலாவது வரியின் பெயர் 'தனி மதிப்பீடு'. அது எதை வைத்து வருகிறது, யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரி ராதிம் வருடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை எழுதி மேலே அனுப்புவார். அதை வெளியே சொல்லவும் கூடாது. சம்பளத்தைப் பிறரிடம் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒரே மேஜையில் முழங்கையோடு முழங்கை உரச உட்கார்ந்திருந்த ஆறு பெண்களும், மாதத்துக்கு ஒருநாள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துத் திரும்பி நின்று சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு நாலாக மடித்து வைத்துக்கொள்வார்கள்.

விலாஸ்தாவின் சந்தேகமெல்லாம் பக்கத்து இருக்கை மிலுஷேமேல்தான். மிலுஷே மேஸ்திரியைக் கண்டால் சிரித்துப் பேசுவாள். அவளுடைய குளியலறைக்குப் புது ஓடு பதித்தாயிற்று. கோடையில் பதினைந்து நாள் குரோவேஷியக் கடற்கரை. இதெல்லாம் ஆறாம் படிச் சம்பளத்தில் நடக்கிற காரியமா? ஓரம் உடையாத நல்ல பட்டகங்களாகப் பார்த்து மேஸ்திரி மிலுஷேவுக்கே கொடுக்கிறார் என்றுகூட ஒரு சமயம் அவளுக்குத் தோன்றியது. மிலுஷே கழிப்பறைக்குப் போன நேரத்தில் இருவரின் பட்டகத் தட்டுகளையும் மாற்றி வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளுக்கு மூன்று திரும்பி வந்தன, மிலுஷேவுக்கு இரண்டு. எப்போதும் வருகிற கணக்கேதான். "உஷாராயிட்டாங்க" என்று முடிவு செய்தாளே தவிர, தன் எண்ணம் தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

போன ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். சட்டம் மாறிவிட்டதாம். இனிமேல் சம்பளத்தை வெளியே சொல்வது குற்றமில்லை. ஒப்பந்தத்தில் உள்ள அந்தப் பத்தி செல்லாது. ஆறு பேரும் நின்று படித்தார்கள்.

"இது வலை" என்றாள் விலாஸ்தா. "யாரு மொதல்ல வாயத் தொறக்குறாங்கன்னு பாக்குறாங்க."

மூன்று வாரம் யாரும் சீட்டைக் காட்டாமலே போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை, உணவுக்கூடத்தில் பூண்டு சூப்பும் மாவு உருண்டையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது மிலுஷே எதற்கோ வாயைத் திறந்து சிரித்தாள். கடைவாயில் புதுப் பல் பளிச்சென்று தெரிந்தது. விலாஸ்தாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேலங்கியின் உள்பையிலிருந்து சீட்டை எடுத்துச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இந்தா, என்னோடது. இப்ப உன்னோடத வைடி பாக்கலாம்."

மிலுஷே குனிந்து பார்த்தாள். சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய், உடைமாற்றும் அறை அலமாரியைத் திறந்து தன் சீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

முதல் வரி இருவருக்கும் இருபத்தெட்டாயிரத்து நானூறு. இரண்டாவது விலாஸ்தாவுக்கு இரண்டாயிரத்து முந்நூறு, மிலுஷேவுக்கு இரண்டாயிரத்து எழுநூறு. மூன்றாவது ஆளுக்குத் தொள்ளாயிரம். நாலாவது வரியில் மிலுஷேவுக்கு அறுநூறு. விலாஸ்தாவுக்கு ஐயாயிரத்து இருநூறு.

விலாஸ்தா இரண்டு சீட்டுகளையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். பெயர்களைப் படித்தாள். மாதத்தைச் சரிபார்த்தாள்.

"எனக்கு அந்த வரியே இல்லக்கா" என்றாள் மேஜைக் கோடியிலிருந்து சொலோமியா. உக்ரைனிலிருந்து வந்து மூன்று வருடமாக அதே வேலையைச் செய்கிறவள். "மூணு வரிதான் வரும். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

"அப்ப குரோவேஷியா?" என்று விலாஸ்தா கேட்டது அவளுக்கே அபத்தமாகத்தான் ஒலித்திருக்கும்.

"அங்க என் கொழுந்தனோட வீடுடி. வாடகை கெடையாது. குளியலறை ஓட்ட நானே முட்டி போட்டுப் பதிச்சேன். பல்லுக்கு இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கேன்." மிலுஷே சூப்பைத் தள்ளி வைத்தாள். "இப்ப நான் கேக்குறேன். உனக்கு மட்டும் எதுக்கு அஞ்சாயிரம்? என் வேலைல கொறை கம்மி, அது ரெண்டாவது வரிலயே இருக்கு. அப்பறம் எதுக்கு? எங்களப் பத்தி மேல என்ன போய்ச் சொன்ன?"

அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் யார் யாரைப் பற்றி ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பது இன்னமும் பல குடும்பங்களில் பேச்சை அறுத்துப்போடும் விஷயம்.

"நான் யாரப் பத்தியும் ஒரு வார்த்த சொன்னதில்ல."

"சும்மா குடுப்பாங்களா அஞ்சாயிரம்?" என்றாள் மிலுஷே. அது விலாஸ்தாவே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவள் குரலிலேயே கேட்டது போலிருந்தது.

மறுநாள் காலை உடைமாற்றும் அறையில் அவள் நுழைந்தாள். ஐந்து பேரும் குனிந்து அவள் காலணியைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நான்கு வருடத்துப் பழையது. இருந்தாலும் மறைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அன்று முழுக்க இரண்டு சிலுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைக்க அவளால் முடியவில்லை. ஒன்பது திரும்பி வந்தன.

ஷிப்ட் முடிந்ததும் நேரே மேஸ்திரியின் அறைக்குப் போனாள். ராதிம் நல்ல மனிதர்தான். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார், எதையும் தீர்த்தும் வைக்கமாட்டார்.

"நாலாவது வரி எனக்கு எதுக்கு மேஸ்திரி?"

"வேணாமா?"

"எதுக்குன்னு கேட்டேன்."

அவர் காப்பிக் கோப்பையின் அடியில் தங்கிய தூளைச் சுழற்றிப் பார்த்தார். "ஒவ்வொரு ஜனவரியும் சம்பளப் பிரிவு சன்னல்ல போய் நின்னு, இந்த எண்ணு எப்பிடி வந்துச்சு, காட்டுங்கன்னு கேக்குற. ஞாபகம் இருக்கா? ஒரு வருஷம் முக்கா மணி நேரம் நகரல. உன் பின்னால வரிசை வாசல் வரைக்கும் போச்சு. அந்தம்மா எனக்குப் போன் பண்ணி, இவளுக்கு ஏதாவது பண்ணுங்க, என்னால முடியலன்னாங்க. நான் கொஞ்சம் ஏத்தி விட்டேன். அடுத்த வருஷமும் வந்து நின்ன. அடுத்த வருஷமும்."

"அதுக்காகவா?"

"வேற எதுக்கு?"

"அப்ப மிலுஷேவோட வேல?"

"தங்கமான வேல. அவ கேக்கலையே. பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல. கையில ஒரு தொக தர்றாங்க, கேட்டவங்களுக்குப் போடுறேன். கேட்டது நீ ஒருத்திதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கமுக்கமா இரு. உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே."

அவள் நம்பவில்லை. "இப்ப சொன்னத எழுதிக் குடுங்க" என்றாள். அவர் சிரித்தார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதும் அவர் சிரிப்பு எப்படி அவிந்தது என்பதைப் பார்த்துத்தான் அது உண்மை என்று அவளுக்கு உறுதிப்பட்டது.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருடம் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு ஜனவரியும் போய்ச் சண்டை பிடித்திருக்கிறாள். ஏமாந்தவள் பக்கத்து இருக்கையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த இருக்கையைத்தான் இவள் வேவு பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

"கேட்டாக் குடுத்துருவாங்களாம்ல!" என்றாள் மிலுஷே. "கத நல்லா இருக்கு."

"என்ன நம்ப வேணாம். வந்து கேளு, தெரிஞ்சுரும்."

"அவருகிட்ட நான் போய் என்னன்னு கேக்குறது? தினமும் சிரிச்சுப் பேசுற மனுசன்."

"அதான்டி கெடுத்துச்சு."

மிலுஷே அந்த வாரம் முழுவதும் மேஸ்திரியிடம் போகவில்லை. அடுத்த வாரம் இரண்டு முறை கிளம்பி, பாதி வழியில் தலைவலி என்று திரும்பிவிட்டாள். மூன்றாவது முறை விலாஸ்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளே போனதும் மிலுஷே, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தாள். விலாஸ்தா இரண்டு சீட்டுகளையும் மேஜையில் வைத்து, நாலாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னோடது ஏன் அறுநூறு?" என்று மிலுஷே மெல்லக் கேட்டாள். ராதிம் சன்னலைப் பார்த்தார்.

செப்டம்பர்ச் சீட்டில் மிலுஷேவுக்கு மூவாயிரம் வந்தது. மற்ற மூவரும் ஆளுக்கொரு நாளாகப் போய்க் கேட்டு, ஆயிரத்தைந்நூறும் இரண்டாயிரமுமாக வாங்கினார்கள். விலாஸ்தாவின் தொகை இரண்டு வருடத்துக்கு இனி ஏறாது என்று ராதிம் சொல்லிவிட்டார். இந்த முறை அவர் எழுத்திலேயே கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

இருவருக்கும் நடுவே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாதச் சீட்டு வந்ததும் "காட்டு" என்கிறாள் விலாஸ்தா. மூவாயிரம் மூவாயிரமாகவே இருக்கிறதா, தனக்குத் தெரியாமல் கூடிவிட்டதா என்று பார்க்கிறாள். மிலுஷேவும் விடுவதில்லை. கண்ணாடிமேல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்போது தலையைத் திருப்பாமல், "நெஜமாவே கேட்டதுக்கு மட்டுந்தானாடி?" என்பாள். "அவ்வளவுதான்" என்பாள் விலாஸ்தா. "ம்" என்பாள் மிலுஷே. அந்த 'ம்' எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விலாஸ்தாவால் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

பாக்கி இருந்தது சொலோமியா. அவளுக்குச் செக் மொழி வேலைக்குப் போதும், வாதத்துக்குப் போதாது. விசா புதுப்பிக்கிற நேரத்தில் எதற்கு வம்பு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிச் சங்கு ஊதியதும், விலாஸ்தா தொப்பியைக் கழற்றாமலே அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனாள்.

ராதிம் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"விலாஸ்தா, இது சொலோமியாவோட விஷயம். அவங்களோட சம்பளம், அவங்களும் நானும் பேசிக்கிறோம். நீ கொஞ்சம் கதவச் சாத்திட்டுப் போ."

"சரிங்க மேஸ்திரி" என்று விலாஸ்தா கதவைச் சாத்தினாள். உள்பக்கமாக நின்று.