அழாத பிள்ளை

கத்திவாக்கத்தில் வீட்டிலேயே இறால் உரித்துக் கொடுக்கிறேன். கவிச்சிக் கையோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று, மகன் அந்தோணியைத் தூளியில் போட்டு, அதன் கயிற்றை என் கால் கட்டைவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே வேலை செய்வேன். பால் கொடுக்க மட்டும் கை கழுவித் தூக்குவேன். போகப் போக அவன் அழுவதையே விட்டுவிட்டான்.

"சத்தமே இல்லாத புள்ளடி, குடுத்து வெச்சவ நீ" என்பாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா.

ஒன்பது மாதமாகியும் அவன் உடம்பு தேறவில்லை. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லை. நல்லா அழுவானா?" என்றார்.

"அழவே மாட்டாம்மா, நாள் பூரா தூளியிலதான் கெடப்பான்" என்றேன், பெருமையாக.

"அழுது பார்த்திருக்கான். யாரும் தூக்கலைன்னு விட்டுட்டான். பால் மட்டும் போதாதும்மா. தூக்கிவெச்சுப் பேசினாத்தான் உடம்பு ஏறும்."

பஸ்ஸில் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கயிறு பதிந்த தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது.

இப்போதெல்லாம் எதிரே உட்கார வைத்துப் பேசிக்கொண்டேதான் உரிக்கிறேன். அடிக்கடி கையைக் கழுவிவிட்டுத் தூக்குகிறேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நேற்று உரித்த இறால் கூடையோடு நான் வாசலைத் தாண்டியதும் வீலென்று கத்தினான்.

"இன்னாடி, இப்ப இப்டி பேஜார் பண்றான்?" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

"கத்தட்டும்க்கா, என்னைத்தான் கூப்புட்றான்" என்று கூடையை இறக்கிவிட்டு ஓடினேன்.