முகம் இல்லாத குழந்தை

இதை நான் சொன்னால் பலுக் இன்றும் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அன்று அது ஏறியது அவன் முதுகில் இல்லை, என் முதுகில்.

கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில் எங்கள் கூட்டுறவு அச்சுக்கூடத்தை இனுயிட்டுகளான நாங்களே நடத்துகிறோம். பெண்கள் வீட்டிலிருந்து வரைந்து தருவார்கள். நான் அதைக் கல்லில் செதுக்குவேன். என் கொழுந்தன் பலுக் மை உருட்டித் தாளில் எடுப்பான். அந்தக் குளிர்காலத்தில் ஆலாசி அத்தையின் படம் ஒன்று வந்தது. தாயில்லாத என்னை வளர்த்தவள் அவள்தான். படத்தில் ஒரு பெண் பனியில் நடக்கிறாள். அவள் அங்கியின் முதுகுப் பையில் ஒரு குழந்தை. குழந்தைக்கு முகம் மட்டும் வரையவில்லை.

“மூஞ்சி இல்லாத புள்ளைய எவன் அண்ணி சுவத்துல மாட்டுவான்? ரெண்டு கண்ணு, ஒரு வாய் போட்டு விடுங்க” என்றான் பலுக்.

அத்தை வைத்தியத்துக்காக விமானத்தில் தெற்கே போயிருந்தாள். அவளைக் கேட்கக் காத்திருந்தால் அந்த வருஷம் விற்பனைக்குப் போகும் தொகுப்பில் படம் சேராது. அவள் வேண்டுமென்றேதான் முகத்தை விட்டிருந்தாள். தெரிந்தே கண்ணும் வாயும் செதுக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் மனசு உறுத்தியது.

மறுநாள் பலுக் வேட்டைக்குப் போய்விட்டான். நானே அச்செடுக்க உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்று மணி. எங்கள் குளிர்காலத்தில் அப்போதே வெளியே கும்மிருட்டு.

மை உருட்டிய கல்மேல் முதல் தாளை வைத்துத் தேய்த்து உரித்தேன். எல்லாம் கறுப்பாக விழுந்திருந்தது. குழந்தையின் முகம் மட்டும் வெள்ளை.

மறுபடி மை உருட்டினேன். மறுபடியும் வெள்ளை.

குனிந்து கல்லைப் பார்த்தேன். அந்த முகத்தில் மை இல்லை. விரல் வைத்தேன்... ஈரம். யாரோ நக்கி எடுத்தது போல.

விளக்கை அணைத்தேன். அங்கியை மாட்டினேன். என் மகன் நடக்கத் தொடங்கிய பிறகும் நான் போட்டது அவனை முதுகுப் பையில் சுமந்த அதே அங்கியைத்தான்.

வீட்டுக்குப் பாதி வழியில்... முதுகுப் பை கனத்தது.

நின்றேன்.

உள்ளே ஏதோ நெளிந்தது. பின்கழுத்தில் மூச்சு. சில்லென்ற மூச்சு.

ஓடினேன்.

ம்ம்... ம்ம்...

பாலுக்கு முனகுவது போல...

வாசலில் அங்கியைக் கழற்றி எறிந்தேன். பைக்குள் யாரும் இல்லை. ஒரு கைப்பிடி பனி இருந்தது. அன்று பனி பெய்யவே இல்லை.

குளிர் குறைந்தபோது அத்தை திரும்பி வந்தாள். தாள்களை எடுத்துப் போய் நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன். அவள் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் முதுகுல ஏறிச்சா?”

அதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. காய்ச்சலில் எங்கள் முகாமே அழிந்த வருஷம், அவனும் நானும் கைக்குழந்தைகள். என் அம்மாவும் போய்விட்டாள். புயலில் அத்தை கிளம்பியபோது கையில் இரண்டு குழந்தைகள். பையில் ஒன்றுக்குத்தான் இடம்.

“அவனுக்கு மூச்சு நின்னுடுச்சுன்னு நெனச்சேன். பனியில படுக்க வச்சுட்டு உன்னைப் பையில போட்டுக்கிட்டேன்...”

தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

“கொஞ்ச தூரம் வந்தப்புறம் பின்னாடி அழுகை கேட்டுச்சு. நான் திரும்பல.”