இரண்டு விரற்கடை தண்ணீர்

அம்மா இறந்த இடத்தில் ஒரு விளக்கும், ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் வைத்தோம். பதினாறாம் நாள் விசேஷம் வரை அப்படி வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். காலையில் விளிம்பு வரை நிறைத்துவிட்டால், சாயங்காலம் வரை யாரும் செம்பைத் தொடக் கூடாது. அதற்குள் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவும் போனவர் வந்து குடித்தது. மிச்சத்தைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு என் சித்தி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

நான் கணக்கு டீச்சர், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் செம்பில்தான் என் உயிரே கிடந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், அதற்கு மேல் சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் அளவு வைத்துவிட்டார். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவள், கட்டிலில் கிடந்தபடி வளையலால் அதன் இரும்புக் காலைத் தட்டுவாள். டக், டக். "ஏட்டி, ஒரு மடக்குத் தண்ணி தாட்டி." நான் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன். என் கணவர்தான் ஐஸ் கட்டியை வெள்ளைத் துணியில் முடிந்து அவள் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருப்பார். கடைசி நாளும் தட்டினாள். கேட்டுக்கொண்டேதான் போனாள்.

அழக்கூட நேரமில்லாமல் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்துவிட்டது. ஆள் இல்லை, வந்தே ஆக வேண்டும் என்றார்கள். காலையில் பாளையங்கோட்டைக்கு ஓடினால் சாயங்காலம்தான் திரும்புவேன். வீட்டை அவர் பார்த்துக்கொண்டார். ஜங்ஷன் பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். எதையும் சொல்லிக்கொண்டு செய்கிற ஆள் இல்லை. என் ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கும். சாப்பாட்டுப் பையில் சிவப்பு மைப் பேனா ஒன்று கூடுதலாக இருக்கும். கோயிலுக்கு வருவதே என் தொல்லை தாங்காமல்தான். அந்த மனிதர், "கேன் தண்ணி அத்தைக்கு எறங்காது" என்று தினமும் விடிந்ததும் குறுக்குத்துறைக்குப் போய் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தேன். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா குடித்துவிட்டாள்.

மறுநாளும் இரண்டு விரற்கடை. அதற்கு மறுநாளும். அந்த அறை ஜன்னல் சாத்தியே கிடந்தது, ஃபேனும் போடுவதில்லை. வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது, உள்ளே தரை மட்டும் காலில் ஜில்லென்று ஏறியது. விளக்குச் சுடர் ஆடாமல் செம்புப் பக்கமாகவே சாய்ந்து நின்றது, அங்கே யாரோ உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுப்பது மாதிரி. செம்பின் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் இருக்கும்.

கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? அதெப்படித் தினமும் ஒரே அளவு குறையும்? செத்த பிறகும் டாக்டர் அளவு வைத்திருக்கிறாரா? எனக்கு என் கணவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் வேலை என்றால் அம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

ஒரு நாள் தாள்கள் மத்தியானமே தீர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து பைய எட்டிப் பார்த்தேன். விளக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் குடம். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"நீங்கதானா? என்னைய ஏமாத்தத் தெனமும் தண்ணியக் கொறைச்சு வைக்கியளா?"

திரும்பினார். பிடிபட்ட முகமாக இல்லை, வெளிறிப்போன முகம்.

"நான் எங்கட்டி கொறைக்கேன்? ஊத்துதேன்."

பிறகு செம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "மொத நாள் மத்தியானம் வந்து பாத்தேன், அடி வரைக்கும் காஞ்சு கெடந்துச்சு. ஓட்டையோன்னு தூக்கிப் பாத்தேன், தரையில ஈரமே இல்ல. நெறைச்சு வச்சிட்டுச் சாப்பிட்டு வந்தா, மறுபடியும் வெறுஞ்செம்பு. தெனமும் இப்படித்தான் நடக்கு. தொடக் கூடாதுன்னு ஒன் சித்தி சொன்னாவ. அதுக்காவ? வெறுஞ்செம்பப் பாத்தா நீ தாங்க மாட்ட. அதான் நீ வார நேரத்துக்கு ரெண்டு வெரக்கட கொறைவா ஊத்தி வைக்கேன்."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கத்தான் செய்யுது. என்ன செய்யச் சொல்லுத? அத்தை தாகமா இருக்காவல்லா."

இந்தப் பயத்தோடுதான் தினமும் தனியாக இந்த அறைக்குள் வந்து ஊற்றியிருக்கிறார். சாயங்காலம் எனக்குக் காப்பி போட்டுத் தந்து, இன்றைக்கு எத்தனை பேர் பாஸ் என்று கேலியும் பேசியிருக்கிறார். அவ்வளவு பிரியம் எனக்கு அவர் மேல் அதுவரை வந்ததில்லை.

டக், டக்.

கட்டிலை அம்மா போன அன்றே வெளியே போட்டுவிட்டோம். அதன் கால் இருந்த இடத்திலிருந்துதான் சத்தம் வந்தது. செம்பைப் பார்த்தேன். சற்று முன் அவர் ஊற்றிய தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

அவர் குடத்தை என் பக்கம் நகர்த்தினார். "இந்தா, நீ ஊத்து."

ஊற்றினேன். செம்பு நிறைந்தது. நிறுத்த மனம் வரவில்லை. விளிம்பு தாண்டி, தரையில் வழிந்து, என் புடவையை நனைத்துக்கொண்டு ஓடியது. குடி அம்மா, குடி என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன்.

குடம் காலியானதும் அவர் அதை வாங்கிக்கொண்டு, அந்த வெயிலிலேயே மறுபடியும் ஆற்றுக்குக் கிளம்பினார்.