பிந்திப் பூக்கும் அப்பிள்

அக்கா சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாக, கடைக்குட்டியான நான் உட்படத் தம்பிமார் மூவரையும் படிப்பித்து ஆளாக்கியவர் அவர்தான். தனக்கென்று நாற்பத்தொரு வயதில்தான் கலியாணம் செய்தார். இனி அவருக்கு எங்கே நடக்கப்போகிறது என்று பேசியவர்களில் சிலர் இந்த நினைவு மலரையும் வாசிப்பார்கள். அக்காவுக்கு அவர்கள்மேல் கோபம் இருந்ததில்லை. எனக்குத்தான் இருந்தது.

அத்தானுடன் மெல்பேணுக்கு வந்து, டண்டினோங்குக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்பிள் தரம்பிரிக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே மிகப் பழைய மரமொன்றைப் பிடுங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாலு குச்சிகளைக் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தன் வீட்டு வளவில் வேறோர் அப்பிள் கன்றில் ஒட்டுக் கட்டினார். அப்பிளில் விதை போட்டால் அதே பழம் வராது, ஒட்டினால்தான் வரும். அந்த இனத்துக்குக் கோர்ட் பாண்டு பிளா என்று பெயர். ரோமர் காலத்திலிருந்தே இருக்கிறது என்பார்கள். பழம் சிறியது, தட்டையானது. காம்பே இல்லாததுபோல் கொப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். பறித்தவுடன் புளிக்கும், இரண்டு மாதம் பெட்டிக்குள் வைத்தால் இனிக்கும். மற்ற அப்பிள்கள் பூத்து முடிகிற நேரத்தில்தான் இது பூக்கத் தொடங்கும். அதனால் வசந்தகாலப் பனியில் அதன் பூ கருகுவதில்லை.

பிந்திப் பூக்கும் சங்கதி எனக்குத் தெரியாது. இடுப்பு ஒப்பரேஷனுக்காக அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த ஒக்டோபரில், இங்கே அது வசந்தகாலம், அவர் வீட்டு வளவைத் துப்புரவாக்கப் போனேன். பக்கத்து வீட்டு அப்பிள் வெள்ளையாகப் பூத்து நின்றது. அக்காவின் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. நான் அவசரக்காரன் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பக்கத்தை வாளால் அரிந்து முடித்துவிட்டு, பெரிய கெட்டிக்காரன்போல் போன் எடுத்தேன்.

"அக்கா, உங்கட மரம் பட்டுப்போச்சு. அரைவாசி வெட்டிட்டன்."

"பட்டையைச் சுரண்டிப் பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப வாளைக் கீழ வைச்சிட்டு வீட்டை போ."

மூன்று கிழமையில் மிச்சப் பாதி பூத்துக் குலுங்கியது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த முறை காய்த்த பழத்தில் முதல் பெட்டியை எனக்கே தந்தார்.

புற்றுநோய் என்று தெரிந்ததும், தனக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு அத்தான் எங்களோடு வந்திருக்க வேண்டும் என்று அக்காவே தீர்மானித்தார். வாங்குகிறவர்கள் மரத்தை விட்டுவைப்பார்கள் என்று அவர் நம்பவில்லை. கடைசி மாரிக்குளிரில், கதிரையில் இருந்தபடியே ஒன்பது ஒட்டுக்கன்றுகள் கட்டினார். அவை துளிர்ப்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. ஒன்பதும் துளிர்த்தன. வீட்டை வாங்கியவர்கள் பழைய மரத்தைப் போன மாதம் வெட்டிவிட்டார்கள்.

அக்காவைப் பராமரித்த தாதிமாருக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் இடியப்பம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காத அத்தானுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டுத் திவசத்தில் கன்று பெற்றுக்கொள்ளும் ஒன்பது குடும்பங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற ஒக்டோபரில் மற்றதெல்லாம் பூத்திருக்க, இது வெறும் தடியாக நிற்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பொறுத்திருங்கள். அப்படியும் வெட்டத் தோன்றினால் எனக்குப் போன் எடுங்கள். அக்கா சொன்னதையே சொல்வேன்.