நாற்பத்திரண்டாம் எண் படம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். குற்றம் நடந்த இடத்தைப் படம் பிடிப்பது அவர் வேலை, அங்கே கைரேகை எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே வண்டியில் போய் வருகிறோம், பாதி நாள் சண்டை போட்டுக்கொண்டே. கத்தி கிடந்தாலும் சரி, ஒற்றைச் செருப்பு கிடந்தாலும் சரி, முதலில் இருக்கிறபடியே ஒரு படம், பிறகு பக்கத்தில் சின்ன ஸ்கேலை வைத்து இன்னொரு படம். அவர் முடிக்கும்வரை நான் கைரேகைப் பவுடர் டப்பாவைத் திறக்கக் கூடாது.

"சார், பசி உயிர் போகுது. அந்தக் கதவு எங்கயும் ஓடிப் போயிடாது."

"நீங்க பவுடரைப் போட்டுட்டா அது பழைய கதவு இல்லம்மா. கொஞ்சம் பொறுங்க."

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். அவர் எடுத்த படங்கள் கோர்ட்டில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஒவ்வொரு படத்தின் எண்ணையும் நோட்டில் எழுதுவார். கைதவறி விரல் பட்டுத் தரையைப் படம் பிடித்துவிட்டாலும் அழிக்க மாட்டார். 'எண் 26, தரை, தவறுதலாக' என்று எழுதி வைப்பார். இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள் பாவம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அப்படி யாரும் வாழ்க்கைப்படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டேன். முகம் சுருங்கிப்போயிற்று. "சார்னே கூப்பிடும்மா" என்றார். பெரிய மகாராஜா என்று அன்று முழுக்க மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். காரணம் தெரிய எட்டு வருஷம் ஆயிற்று. ஒரு மழை நாளில், வண்டி பாதி வழியில் நின்றுபோய், ரெண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை. ஆறு வயது இளையவள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே இவர்தான். தூரத்து ஊரில் ஒரு துணி ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்துக் கடிதம் வந்தது. தபாலை வாங்கியது இவர். அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப மனம் வராமல், கடிதத்தை அலமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். சேர வேண்டிய தேதி கடந்து ஒரு மாதம் கழித்து, துணி மடித்து வைக்கும்போது அது அவள் கையில் கிடைத்தது. அவள் கத்தவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றாள். மறுநாள் காலையில் அவள் பெட்டியும் இல்லை, அவளும் இல்லை.

"தேடாத இடமில்லம்மா" என்றார். "முன்னபின்ன தெரியாதவங்க வீட்ல ஒரு தலைமுடி கிடந்தாக்கூட கண்டுபிடிக்கிறேன். என் தங்கச்சி உயிரோட இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

என் டிபன் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஒரு திருட்டு வழக்கு வந்தபோது அவர் தங்கை வீட்டை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், தனியாக இருக்கிறவர். அவர் வீட்டின் பின்பக்க ஜன்னலை உடைத்து நகையை எடுத்துப் போயிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் நல்ல தெளிவான கைரேகை இருந்தது, எனக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. இவரோ கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அசையவே இல்லை.

"என்ன சார், வேண்டுதலா?" என்றேன். "அலமாரி இந்தப் பக்கம் இருக்கு."

வந்து வேலையை முடித்தார். சுவரில் ஒரு குழுப் படம் மாட்டியிருந்ததை நானும் பார்த்தேன். பிரிவு உபசாரத்தன்று எடுத்தது போல, நடுவில் அந்த அம்மாள், சுற்றிலும் முப்பது பெண்கள். அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டியில் திரும்பும்போது அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வயசாகிறது என்று நினைத்தேன்.

ரெண்டு வருஷம் வாய்தா மேல் வாய்தா. (திருடனுக்குக் கடைசியில் தண்டனை கிடைத்தது. கேட்பீர்கள் என்று சொல்லிவிட்டேன்.) குறுக்கு விசாரணை நாளன்று காலையில் நான் சாட்சி சொல்லி முடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புகார் கொடுத்த அம்மாள் எனக்கு முன்வரிசையில். இவர் சாட்சிக் கூண்டில். எதிர்த்தரப்பு வக்கீல் படங்களை நிதானமாகப் புரட்டினார்.

"நாற்பத்தொண்ணு இருக்கு. நாற்பத்து மூணு இருக்கு. நாற்பத்திரண்டு எங்கே?"

எண் விடுபட்டால் ஒரு படம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றை அழித்தவன் மற்றவற்றில் என்ன செய்திருப்பான் என்று கேட்பார்கள். படங்கள் செல்லாது என்றாகிவிட்டால், கைரேகை அந்த அலமாரியில்தான் இருந்தது என்பதற்கு என் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் 'எதையும் அழிக்காதே' என்று பாடம் எடுத்த மனிதர்! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அது இப்படிக் கோர்ட்டில் வைத்தா சறுக்க வேண்டும்?

"கேமரா பழுதா?" என்று அந்த வக்கீலே கேலியாக எடுத்துக் கொடுத்தார். அரசு வக்கீல் தலையை லேசாக ஆட்டினார். ஆமான்னு சொல்லித் தொலையுங்களேன் சார் என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு 'ஆமாம்', எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இல்லைங்க" என்றார். "நான்தான் அழிச்சேன். அந்த வீட்டுச் சுவர்ல ஒரு குழுப் படம் இருக்குது. ரெண்டாவது வரிசைக் கடைசியில நிக்கிறது என் தங்கச்சி. இருபது வருஷமா பார்க்கலை. எனக்காக ஒரு படம் எடுத்துக்கிட்டேன். ஆபீஸ் போனதும் அது தப்புன்னு பட்டது, அழிச்சிட்டேன். அழிச்சது அதைவிடப் பெரிய தப்பு."

நீதிபதி அந்த வீட்டுக் கூடம் முழுதும் தெரிகிற நாற்பதாம் எண் படத்தை வாங்கி, அதில் சுவரில் தொங்கும் குழுப் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"உங்க தங்கை எங்கே இருக்காங்கன்னு இந்த அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"இல்லைங்கய்யா. புகார் கொடுத்தவங்களோட சொந்தப் பேச்சு கூடாது. கேஸ் முடியலையே."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாங்கய்யா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சியின் மதிப்பைத் தீர்ப்பில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தீர்ப்பு மூன்று வாரம் கழித்து. அதுவரை இந்தச் சாட்சி அந்த அம்மாளோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்தார்.

வெளி வராந்தாவுக்கு வந்தோம். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒட்டியிருந்த பழைய அறிவிப்பு ஒன்றைப் படிப்பதுபோல நின்றார். அந்த அம்மாள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், ஊருக்கே கேட்கிற குரலில் என்னிடம் ஆரம்பித்தார்.

"ஏம்மா, எங்க ஆலையில ஒருத்தி இருந்தா தெரியுமா? ரெண்டாவது வரிசைக் கடைசி. நல்லாத்தான் இருக்கா. பக்கத்து ஊர்ல தையல் கடை வெச்சிருக்கா. ரெண்டு பிள்ளைங்க."

மாமியாரும் மருமகளும் ஜாடை பேசிச் சண்டை போட்டுத்தான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு ஜாடையை அன்றைக்குத்தான் கேட்டேன். அவருடைய முதுகு அசையவில்லை.

"திருட்டு நடந்த அன்னிக்கே அவளுக்குப் போன் போட்டேன். போட்டோ எடுக்க வந்தவர் நம்ம குரூப் போட்டோ முன்னாடி சிலையா நின்னாருடின்னேன். இடது கையால கேமரா பிடிச்சாரான்னு கேட்டா. ஆமான்னேன். அது எங்க அண்ணன்தான்க்கான்னு அழ ஆரம்பிச்சிட்டா."

"அப்புறம் ஏம்மா வந்து பார்க்கலை?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"போய்ப் பாருடின்னு எத்தனை தடவை சொன்னேன்! கேஸ் முடியட்டும்க்கா, இப்பப் போனா அண்ணன் சாட்சி கெட்டுடும்னுட்டா. வாய்தா தேதியெல்லாம் காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்காம்மா. தாய்மாமன் எங்கன்னு பிள்ளைங்க கேட்டா, அவர் ஒரு கேஸ்ல இருக்காருன்னு சொல்லியிருக்கா. சின்னவன், மாமாவை எப்ப ஜெயில்லேர்ந்து விடுவாங்கன்னு கேக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்ப்பக்கமிருந்தும் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. அவர் திரும்பாமலே என்னைக் கூப்பிட்டார்.

"கைரேகை மேடம்… இந்த மாதிரி ஆளுங்களுக்கு, ஒரு கடுதாசியை மறைச்ச கோபம்லாம் இவ்வளவு வருஷம் இருக்குமா? சும்மா உங்களைத்தான் கேக்கிறேன்."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இருக்குதாம்மா. கொஞ்சமும் குறையலையாம். தீர்ப்பு அன்னிக்கு வந்து, இந்த வராந்தாவுல வெச்சே ஆசை தீரத் திட்டப்போறாளாம்."

அவர் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

"திட்டட்டும்" என்றார். "வந்து திட்டட்டும்மா."