நடுப்பகல் பூட்டு

உடம்பு ஓய்ந்தாலும் என் விரல்கள் ஓயவில்லை. சோற்றைப் பிசையும்போது இடது கை தொடையின் மேல் தட்டிக்கொண்டிருக்கும். ஏ எஸ் டி எஃப். திரும்பவும் ஏ எஸ் டி எஃப். அம்மா என் கையைப் பிடித்து அமுக்குவாள். அமுக்கிய கைக்குள்ளும் அது தட்டும், பிடிபட்ட வெட்டுக்கிளி மாதிரி.

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு மாடியறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். அப்பா தொடங்கியது. அவர் போனபின் என் தலைக்கு வந்தது. கீழே பூட்டுப் பட்டறை. நாளெல்லாம் அரம் ராவுகிற சத்தம். மேலே என் மெஷின்கள். விடிந்தும் விடியாமல் முதல் வகுப்பு, விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துக் கடைசி வகுப்பு, நடுவில் மணிக்கொரு கூட்டம். எரியோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பையன்கள், புகையிலைக் கிட்டங்கியிலிருந்து ஓடிவருகிற குமாஸ்தாக்கள், கலியாணத்துக்கு முன்னால் ஒரு சர்டிபிகேட் வாங்கிவிடத் துடிக்கிற பெண்கள். நின்றுகொண்டே தின்றேன். ரிப்பன் மாற்றிய கறுப்பு விரலோடு தின்றேன். தின்றது என்ன என்று கேட்டால் தெரியாது.

ஒருநாள் உச்சிப் பொழுதில் எரியோட்டுப் பையன் ஒருவன் அடித்த தாளை நீட்டினான். எழுத்துகள் என்று தெரிந்தது, படிக்க வரவில்லை. உழுது போட்ட புழுதிக்காட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கன்னத்தை மெஷின் மேல் சாய்த்தேன். தாள் சுற்றிய உருளை வண்டி ஓரத்துக்கு நகர்ந்து மணி அடித்தது. அந்த மணிச் சத்தத்துக்கும் நான் நிமிரவில்லை.

அதற்கு ஊரில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் ஆளாளுக்கு ஒன்றை வைத்தார்கள். அம்மாவுக்கு அது சூடு. தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள், நுங்கும் மோருமாக ஊற்றினாள். டாக்டருக்கு அது ரத்தக்குறைவு. ஒரு ஊசி போட்டு, சிவப்பு டானிக் எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு அது கலியாணம் தள்ளிப்போன வயசு. மதுரையில் மில் ஆபீசில் இருந்த அண்ணனுக்கு அது நல்ல சமயம்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றார் அண்ணன். பேச்சில் பாசம்தான். "வர்ற பரீட்சை முடியட்டும். மதுரையில ஒருத்தர் மெஷின் கேக்குறாரு. கூட்டியாரேன். வித்துப்புட்டு வீட்ல இரு. உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஆனால் அந்த அறை போனால் எனக்கென்று ஊரில் ஒரு நாற்காலி கிடையாது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது, தாளில் எழுத்துத் தெரியாத நாளிலும்.

மத்தியான வகுப்பில் ஆள் குறைவு. அதில் ஒரு அக்கா படித்தார். ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்தவர்களில் ஒருவர். பேகம்பூரில் சாச்சா, அதாவது சித்தப்பா வீட்டில் ஒண்டியிருந்தார். வாப்பா இந்த ஊர்த் தோல் வியாபாரி, உம்மா சீனத்தி. உம்மாவின் தகப்பனார் ரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்தார். அந்தக் கடை இழுப்பறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர் இந்த அக்கா. முப்பது வயதைத் தாண்டி, தோல் மண்டி ஏதாவதில் வேலை கிடைக்காதா என்று டைப் கற்க வந்திருந்தார். அடிப்பதில் படுமோசம்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் படியேறி வந்தால் கீழே பட்டறையில் ஒரு குரல், "சீனா மேலே ஏறுது அப்பு, பாத்துக்க" என்று கிண்டலடிக்கும். அக்கா நின்று திரும்பி, "ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன். வேணும்னா தடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.

நான் மெஷினில் சாய்ந்த மறுநாள் அவர் தன் தாளை உருவிப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நாக்க நீட்டுங்க."

"எதுக்கு?"

"நான் அடிச்ச தப்பெல்லாம் நீங்க பாக்குறீங்கள்ல. உங்க தப்ப நான் செத்த நேரம் பாக்குறேன்."

நீட்டினேன். நாக்கின் ஓரமெல்லாம் பல்தடம் பதிந்திருக்கிறது என்றார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார், ஒரு கையில் மட்டுமல்ல, மாற்றி அடுத்த கையிலும். நம் ஊரில் நாடி பார்க்கிறவர்கள் பெண்ணுக்கு இடது கையோடு முடித்துக்கொள்வார்கள். இவர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று கேட்பவர்போலச் சாய்ந்து கேட்டார். யாரும் கேட்காததை எல்லாம் பிறகு கேட்டார். தூக்கம் எப்போது முறிகிறது? கால் சில்லென்று இருக்கிறதா? ஒரே யோசனையைத் திரும்பத் திரும்ப மெல்லுகிறீர்களா? கடைசியாக, "கோவத்த எங்க வைக்கிறீங்க?"

"எனக்குக் கோவமே வர்றதில்லக்கா."

"அதத்தான் கேக்குறேன். வராம எங்க போகுது?"

அவர் தாத்தா கணக்கில், ஓயாத யோசனை மண்ணீரலைத் தின்னும். விழுங்கிய கோபம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். மண்ணீரல் காய்ந்தால் சோறு சோறாகவே கிடக்கும், தெம்பாக மாறாது. அதன்மேல் டானிக்கை ஊற்றுவது களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது. எனக்கு அது கிணறாகப் புரிந்தது. கோடையில் ஊற விடாமல் இறைத்தால் சேறுதான் வரும். ஆத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒவ்வொருவனுக்கும் தெரியும், இறைப்பை நிறுத்திவிட்டு வரப்பில் உட்காருவான். கிணற்றுக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

வைத்தியம் இதுதான். உச்சிப் பொழுதில் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் படுக்க வேண்டும். உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டும். மோரும் நுங்கும் கூடாது. இஞ்சி தட்டிப் போட்டு, அரிசி கரைந்துபோகும்வரை காய்ச்சிய கஞ்சி, அதில் சிவந்த ஒரு பழம். சாயங்காலம் வெந்நீரில் காலை வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி வெளிப்பக்கம் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அவர் அழுத்திக் காட்டியபோது கணுக்கால் வரை கம்பி இழுத்ததுபோல ஒரு வலி ஓடியது.

அம்மா கொதித்தாள். "காங்கையில வெந்து கெடக்குற பிள்ளைக்கு இஞ்சியா? ஏந்தாயி, உங்க ஊர்ல கோவம் ஈரல்லயா இருக்கும்? இங்க ஈரல மொளகு போட்டு வறுக்கத்தான் தெரியும்."

"வறுங்கம்மா, அதுவும் இவங்களுக்கு நல்லதுதான்" என்றார் அக்கா.

அம்மாவால் அவரோடு அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. கொஞ்ச நாளில் தன் கையையும் நீட்டிக் காட்டிவிட்டாள் என்று பிறகுதான் அறிந்தேன். அதன்பின் மோர் நின்றது, கஞ்சி வந்தது. அந்தச் சிவந்த பழம்தான் இடைஞ்சல். இங்கே கிடைக்காது. "பாக்க நம்ம இலந்தை மாதிரிதான் இருக்கும், அதோட உறவு" என்று அக்கா சொல்லிவைத்திருந்தார். இலந்தைக்குப் பருவமில்லை. அம்மா சந்தைக்குப் போனாள், உறவில் உறவு என்று இலந்தைவடை வாங்கிவந்தாள். மிளகாயும் பெருங்காயமும் உப்பும் போட்டு இடித்துக் காயவைத்த அசல் இலந்தைவடை. அதை இஞ்சிக் கஞ்சியில் கரைத்தாள்.

ஒரு வாய் குடித்தேன். காது வழியாகப் புகை வந்தது. அக்கா வாங்கி ஒரு மடக்குக் குடித்து, கண்ணில் நீர் முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, இது எங்க தாத்தாவுக்கும் தெரியாது, உங்க தாத்தாவுக்கும் தெரியாது."

"ஒறைச்சிச்சா இல்லையா, அதச் சொல்லு" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

உறைத்தது. புளித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் வாயில் ஒன்று இருந்தது என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். கிண்ணத்தைக் காலி பண்ணினேன்.

ஊர் பேசாமல் இருக்குமா. "நம்ம பயலுகளச் சுட்டவன் வைத்தியம், அதக் குடிக்குது இது" என்றார்கள். பட்டப்பகலில் கதவைச் சாத்திப் படுக்கிற பெண்ணைப் பற்றி அதைவிட மோசமாகவும் பேசினார்கள். பேசட்டும். சண்டை போட்டவர்கள் போடட்டும். ரங்கூனில் இழுப்பறையைத் திறந்த கிழவர் யாரையும் சுடவில்லை. கீழ்ப் பட்டறையில் இருப்பதிலேயே கனமான பூட்டைக் கேட்டு வாங்கினேன், உள்தாழ்ப்பாளில் போட. "வெளியில போடத்தாம்மா பூட்டு" என்றார் பட்டறைக்காரர். "எனக்கு உள்ளே" என்றேன்.

மத்தியான வகுப்பை மூன்று மணிக்குத் தள்ளிவிட்டு, தினமும் உச்சியில் பாயை விரித்து, மெஷின் மேசைகளுக்கு அடியில் தலையை நீட்டிப் படுத்தேன். முதலில் தூக்கம் வரவில்லை, அழுகை வந்தது. பிறகு அதுவும் இல்லை. மேசையின் அடிப்பலகை, அதில் அப்பா சுண்ணாம்பால் போட்ட ஒரு கோடு, வெயில், கீழே அரத்தின் ராவல். விரல்கள் பாயின் மேல் கிடந்தன, கழற்றிவைத்த செருப்புகள் மாதிரி.

பரீட்சை முடிந்தது. சொன்னபடி அண்ணன் மதுரைக்காரரோடு வந்தார், சரியாக உச்சியில். கதவு தட்டப்பட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் சாவியைத் தேடுவேன், திறப்பேன், காப்பி போடுவேன், மெஷின் மேல் துணியை எடுப்பேன். ஒவ்வொன்றும் ஒரு சம்மதம்.

"உள்ள என்ன பண்ற?"

"படுத்திருக்கேண்ணே."

"பட்டப்பகல்லயா? பெரியவர் வந்திருக்காரு. தெற."

மார்பில் ஏதோ சூடாக ஏறியது. ஈரலிலிருந்து வந்ததா, எங்கிருந்து வந்ததா, தெரியாது. வந்தது.

"மூணு மணிக்குத் தெறப்பேன். அதுவரைக்கும் இது எனக்கு. மெஷின் விக்கிறதா இருந்தா அப்பா என்கிட்டச் சொல்லியிருப்பாரு. நான் விக்கல."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் குரல் கேட்டது. "டீச்சர் மருந்து சாப்பிடுறாங்கண்ணே. நடுவுல எழுப்பக் கூடாது."

"தூங்குறது மருந்தா?"

"உங்க வீட்ல இது வரைக்கும் யாரும் அவங்களுக்குக் குடுக்காத மருந்து."

அண்ணன் மேலும் கீழும் நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அது இறங்கிப்போனது. நான் தூங்கினேன். இது வீம்புக்குச் சொல்வதல்ல. உண்மையாகவே தூங்கிப்போனேன்.

மூன்று மணிக்குப் பூட்டைத் திறந்து எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில், பூட்டு மூட்டைகளின் மேல், மதுரைப் பெரியவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்று, எழுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நிமிர்ந்து என்னைக் கண்டார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம் தேறித்தான் இருக்க" என்றார் கடைசியில், குற்றம் சொல்வதுபோல.

"மத்தியானமும் விளக்கு வச்ச பிறகும் இனி வகுப்பு கெடையாதுண்ணே. மிச்ச நேரம் நடத்துவேன். நான்தான் நடத்துவேன்."

மெஷின்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெரியவர் எழுந்து, பஸ் போய்விட்டதே என்று திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மா போட்ட காப்பியைக் குடித்தார்.

அக்கா பரீட்சையில் தேறவில்லை. "தேறி உங்கள மாதிரி ஆகவா?" என்றார். பிறகு தோல் மண்டி ஒன்றில் வேறு வேலைக்குப் போனார், வழியில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார். அவர் சொன்னது எவ்வளவு மருத்துவம், எவ்வளவு அவர், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பிரிக்கிற உத்தேசமும் இல்லை. இன்றைக்கும் உச்சியில் தாழ் போடுகிறேன். தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை.